இருபது கிலோவுக்குக் கீழே

பீடோர் டவுனைத் தாண்டி
கொய்யாக் கடைகளைத் தாண்டி
மில்லுக்கு வரும் ஏழு கிலோமீட்டரும்
ஹெல்மெட்டுக்குள் மூன்று நாளாக
மலாயில் ஒத்திகை.
ஒரு சொல்தான் உறுத்தியது: துக்கார்.
டயர் மாற்றவும் அதே சொல்,
சில்லறை மாற்றவும் அதே.
இடம் மாற வேண்டும் என்பதற்கு
அது போதுமா தெரியவில்லை.

என்சிக் ஷம்சூல் நல்ல மனிதர்.
அதுதான் சிக்கல்.
கெட்டவராக இருந்தால்
கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு
வந்திருப்பேன்.
பிள்ளை பெற்றுத் திரும்பிய வருடம்
இரவு ஷிப்டிலிருந்து என் பெயரை
யாரும் கேட்காமலே அடித்தவர்.
தினமும் காலையில் என் சன்னலைக் கடக்கையில்
தெரிந்த ஒரே தமிழில்
"சாப்பிட்டாச்சா?" என்பார்.
பதினோரு வருடமாக "ஆச்சு" என்கிறேன்,
சாப்பிடாத நாளிலும்.

என் வேலை எடைமேடை.
செம்பனைக் குலைகளோடு லோரி ஏறும், ஓர் எடை.
கொட்டிவிட்டு வரும், ஓர் எடை.
கழித்தால் வருவது காசு.
"பார்த்துப் போடுக்கா" என்பார்கள் டிரைவர்கள்.
பார்க்க என்ன இருக்கிறது,
எண் தானாக விழுகிறது.
மழை நாளில் குலையோடு
மழையையும் நிறுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் லோரி எதுவும் இல்லை.
மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.
இறங்கிப் போய் மேடை நடுவில் நின்றேன்.
ஜாகா தில்பகதூர் சன்னலுக்குள் எட்டிப் பார்த்து
"அறுபது, திதி!" என்று கத்தினான்.
கிளினிக்கில் நான் ஐம்பத்து மூன்று.
கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றேன். அறுபது.
பையைக் கீழே இறக்கி, செருப்பையும் கழற்றி எறிந்துவிட்டு
நின்றேன். அறுபதேதான்.
இருபது இருபதாகத்தான் எண்ணும் அந்த எந்திரம்.
அதற்குக் கீழே
அதற்கு யாரும் கிடையாது.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஆய்வுக்கூடம்.
போன வருடம் சீட்டு கொடுக்கப் போனபோது
மேடம் சியூ லான் எண்ணெய் நிறுத்துக்கொண்டிருந்தார்.
கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு.
"கதவை மூடு, மூச்சு படும்" என்றார்.
நான் மூடுவதற்குள்
கடைசி எண் நடுங்கியது.
அவ்வளவுதான். வேறு காரணம் இல்லை.
ஆறாம் படிவத்தில் வேதியியலில் பி வாங்கியதை
அதற்குப் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

"சம்பளமா?" என்றார் ஷம்சூல்.
இல்லை.
"யாராவது தொந்தரவு?"
இல்லை, என்சிக்.
"என் மேல் கோபமா?"
இதைக் கேட்கையில் பேனா மூடியைக்
கழற்றிப் போட்டு, கழற்றிப் போட்டு.
இல்லை.
"பிறகு ஏன்?"

ஒத்திகை பார்த்த மலாய்
ஏழு கிலோமீட்டரில் எங்கோ விழுந்துவிட்டது.
"அங்கே தராசு சின்னது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
சுவரில் ஆள் அட்டவணையைப் பார்த்தார்.
என் பெயரை ஒட்டிய டேப் மஞ்சளேறிக் கிடந்தது.
"நீ போனால் அங்கே யார், லீலா?"
பாதி கேள்வி, பாதி பாராட்டு.
கேள்விக்குப் பதில் இருந்தது:
ஸ்டோரில் அஸ்லினா, ரெண்டு மாதத்தில் பழகிவிடுவாள்.
பாராட்டுக்குத்தான்
என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"காய் குவியும் மாசம் போகட்டும்.
மேலே எழுதிப் பார்க்கிறேன்.
வாக்குக் கொடுக்க முடியாது."
சரி என்றேன்.
சரி என்பதற்கு எழுந்தே நின்றிருக்க வேண்டாம்,
எழுந்துவிட்டேன்.

கதவருகே வந்தபோது
பழக்கதோஷத்தில் "சாப்பிட்டாச்சா?" என்றார்.
"இன்னும் இல்லை" என்றேன்.

பேனாவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.
அதற்கு அடுத்த சொல்
அவருக்குத் தமிழில் தெரியாது.

வெளியே ஒரு லோரி
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது,
முன்சக்கரம் மட்டும் மேடையில்.